ஆர்.ஓ. ப்ளான்ட்டில் தண்ணீர் குறைந்தால்: கழுவலாமா, மாற்றலாமா, பம்ப்பைப் பெரிதாக்கலாமா?

மாசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "ஆயிரம் லிட்டர் வந்த இடத்துல இப்போ அறுநூறுகூட வரலைங்க. மெம்பரேன் போயிடுச்சா?" (மெம்பரேன் என்பது ஆர்.ஓ. ப்ளான்ட்டில் உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் சவ்வு.) நாகப்பட்டினத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், தரங்கம்பாடிப் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர், வேட்டைக்காரனிருப்பில் கேன் தண்ணீர் போடும் மகளிர் குழு என்று ஆட்கள்தான் மாறுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் யாராவது யோசனை சொல்லி முடித்திருப்பார்கள். மெம்பரேன் விற்பவர் புது மெம்பரேன் போடச் சொல்லியிருப்பார். பம்ப் கடைக்காரர் ஒரு ஹெச்.பி. கூட்டச் சொல்லியிருப்பார். பக்கத்து ஊர்க்காரர், "ஆசிட் விட்டுக் கழுவுங்க, பளிச்சுன்னு வந்துடும்" என்றிருப்பார்.

மூன்றுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் காசுக்குப் பிடித்த கேடு. வேதாரண்யத்திலிருந்து கொள்ளிடம் முகத்துவாரம் வரை ப்ளான்ட் சர்வீஸ் பார்த்த பழக்கத்தில், எந்த வழி எப்போது பொருந்தும் என்று இங்கே எழுதிவைக்கிறேன். நான் சொல்வது 4040 மெம்பரேன் (4 அங்குலக் குறுக்களவு, 40 அங்குல நீளம்) போட்ட, மணிக்கு 500 முதல் 2000 லிட்டர் வரை எடுக்கும் ப்ளான்ட்களுக்கு. வீட்டுச் சமையலறையில் தொங்கும் சின்ன மெஷினுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அதில் மெம்பரேனைக் கழுவி நேரம் வீணாக்காமல் மாற்றிவிடுங்கள்.

## முதலில் ஒரு சின்னக் கணக்கு

வடுமாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் தானாகப் போகும்; இதுதான் சவ்வூடுபரவல். ஆர்.ஓ.வில் நாம் அதை எதிர்த்திசையில் தள்ளுகிறோம். பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு இந்த இழுப்பைச் சமாளிக்கவே செலவாகிவிடும். மிச்சம் இருக்கிற அழுத்தம்தான் தண்ணீராக வெளியே வரும்.

இழுப்பு எவ்வளவு? தோராயமாக 1000 டி.டி.எஸ்.ஸுக்கு (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ அழுத்தம். கடல்நீரில் 35,000 டி.டி.எஸ்.; அதற்கு ஏறக்குறைய 27 கிலோ. அதனால்தான் சென்னைப் பக்கத்து நெம்மேலி மாதிரியான கடல்நீர் ஆலைகள் 55, 60 கிலோ அழுத்தத்தில் ஓடுகின்றன. நம் ஊர் போர்த் தண்ணீர் அந்த அளவுக்கு உப்பு இல்லை.

உங்கள் போரில் 2500 டி.டி.எஸ். என்று வையுங்கள். பாதித் தண்ணீரை எடுத்துக்கொண்டு பாதியை ரிஜெக்ட்டில், அதாவது உப்பு சேர்ந்த கழிவு நீராக, விட்டால், மெம்பரேனுக்குள் உப்பு ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 5000 ஆகும். சராசரி 3600 என்று கொள்வோம். இழுப்பு 2.7 கிலோ. பம்ப் 10 கிலோ கொடுத்தால், தண்ணீரைத் தள்ள 7.3 கிலோ மிச்சம்.

இப்போது சித்திரையில் அதே போர் 5000 காட்டுகிறது. சராசரி 7200, இழுப்பு 5.4, மிச்சம் 4.6 தான். வரத்து 37 சதவீதம் விழுந்துவிட்டது. மெம்பரேனில் ஒரு தூசிகூட அடையவில்லை! இந்தத் தண்ணீர்க் குறைவுக்கு மெம்பரேனைக் கழுவினாலும் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

இதோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வரத்து சுமார் 3 சதவீதம் குறையும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ப்ளான்ட்டுக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் மார்கழிக் காலையில் அளந்து பார்த்துவிட்டுப் பயந்து போன் செய்வதுண்டு. வெயில் ஏறட்டும் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எதற்கு என்பது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை 500 டி.டி.எஸ்.ஸை விரும்பத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. எல்லோரும் 50க்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. 150, 200 வந்தாலே போதும் என்றால் உங்கள் வழிகள் பலமடங்கு கூடிவிடும்.

இரண்டாவது, போர்த் தண்ணீரின் உப்பு வருடத்தில் எவ்வளவு ஏறி இறங்குகிறது. மூன்றாவது, அதில் உப்பைத் தவிர என்ன இருக்கிறது: இரும்பா, கடினத்தன்மையா, கலங்கலா, பாசியா. நான்காவது, மின்சாரம்; யூனிட் செலவு மட்டும் இல்லை, ஒரு நாளில் எத்தனை முறை கரண்ட் போய் வருகிறது என்பதும். ஐந்தாவது ரிஜெக்ட் எங்கே போகிறது. கடைசியாக, ப்ளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார், தினமும் நோட்டில் எழுதுவாரா?

நோட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மெம்பரேனுக்கு முன்னால் அழுத்தம், பின்னால் அழுத்தம், நல்ல தண்ணீர் எவ்வளவு, ரிஜெக்ட் எவ்வளவு, உள்ளே போகும் டி.டி.எஸ்., வெளியே வரும் டி.டி.எஸ்., தண்ணீரின் சூடு. ஏழு எண்கள். மெம்பரேன் புதிதாகப் போட்ட வாரத்தில் இந்த ஏழும் என்ன என்று தெரியாவிட்டால், ஒரு வருடம் கழித்து "குறைந்துவிட்டது" என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

அந்த எண்களே நோயையும் சொல்லிவிடும். முன் அழுத்தத்துக்கும் பின் அழுத்தத்துக்கும் இடைவெளி கூடியிருந்தால் முதல் மெம்பரேனில் கசடோ பாசியோ அடைத்திருக்கிறது. வரத்துக் குறைந்து வெளியே வரும் டி.டி.எஸ்.ஸும் கூடியிருந்தால் கடைசி மெம்பரேனில் சுண்ணாம்புப் படிவு இருக்கலாம். கையில் தூக்கிப் பாருங்கள், எடையே காட்டிக்கொடுக்கும். வரத்துக் கூடி டி.டி.எஸ்.ஸும் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் குளோரின் மெம்பரேனைத் தின்றிருக்கும்.

## கழுவிப் பார்ப்பது

வரத்து 10, 15 சதவீதம் குறைந்ததும் கழுவினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று பாதியாகும் வரை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் வராது. படிவு இறுகிவிடும், நடுவில் தண்ணீர் ஓட வழியே இல்லாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

இதில் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தப்பு, எடுத்தவுடன் ஆசிட்டை விடுவது. நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மண்டபத்து ப்ளான்ட்டில் பாசி பிடித்த மெம்பரேனுக்கு நேராக ஆசிட் ஓட்டினேன். வழவழவென்று இருந்தது திரிந்து இறுகி, வரத்து முன்பைவிட மோசமானது. நான்கு மெம்பரேனையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். பாடம் இதுதான்: பாசியும் கசடும் கலந்திருந்தால் முதலில் காஸ்டிக் சோடா, பி.ஹெச். 12க்கு மேல் போகாமல், 30 டிகிரிக்குப் பக்கத்தில். அதை நன்றாக அலசிய பிறகு ஆசிட், பி.ஹெச். 2 அளவில். சுண்ணாம்போ இரும்போ மட்டும்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நேராக ஆசிட்டுக்குப் போகலாம். இரும்புக்கு 2 சதவீத சிட்ரிக் ஆசிட் நன்றாக வேலை செய்யும்.

மருந்தைக் கலக்க ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீரில் காஸ்டிக் கலந்தால் அதிலுள்ள சுண்ணாம்பு அங்கேயே திரிந்து, நீங்களே மெம்பரேனுக்குள் சுண்ணாம்பை ஊற்றியது போல ஆகும். கக்கூஸ் கழுவ விற்கும் மஞ்சள் ஆசிட்டும் வேண்டாம். அந்த மஞ்சள் நிறமே பெரும்பாலும் இரும்புதான். ஓட்டும்போது அழுத்தம் 4 கிலோவைத் தாண்டக் கூடாது. அழுத்திவிட்டால் அழுக்கு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

மறைமுகச் செலவு என்ன? ஒரு நாள் ப்ளான்ட் நிற்கும். ஒவ்வொரு கழுவலும் மெம்பரேனின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கழுவிய காஸ்டிக்கையும் ஆசிட்டையும் ஒன்றோடொன்று சமன்படுத்திய பிறகே வெளியே விட வேண்டும். வாய்க்காலில் திறந்துவிட்டால் நாளைக்கு வயல்காரர் வாசலில் நிற்பார், அவர் நிற்பதில் நியாயமும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கழுவ வேண்டியிருந்தால் கோளாறு மெம்பரேனில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது.

## அதே ரகத்தில் புது மெம்பரேன்

குளோரின் தின்றதற்கும், கழுவியும் மீளாததற்கும், நான்கைந்து வருடம் நன்றாக உழைத்ததற்கும் இது ஒன்றுதான் வழி. இப்போதைய மெம்பரேன்கள் பாலிஅமைடு என்ற ஒருவகை பிளாஸ்டிக்; குளோரின் அதற்கு ஆகாது. தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கரைக்கிற ஊரில் கார்பன் ஃபில்டர் தேய்ந்து போயிருந்தால், புது மெம்பரேனுக்கும் அதே கதிதான். தண்ணீரில் இரும்பும் இருந்துவிட்டால் குளோரினின் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

மாற்றுவதற்கு முன் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை, ஓ-ரிங்கை, பாருங்கள். நாலணா சமாச்சாரம் கிழிந்து உப்புத் தண்ணீர் நேராகக் கலந்திருக்கும். நான்கு மெம்பரேனுக்கு விலைப்பட்டியல் கையில் இருக்கும்.

## லோ பிரஷர் மெம்பரேன்

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். சாதாரண 4040 மெம்பரேன் 15.5 கிலோ அழுத்தத்தில் ஒரு நாளைக்குத் தருகிற சுமார் 9000 லிட்டரை, லோ பிரஷர் ரகம் பத்து கிலோ அளவிலேயே தந்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் அச்சிடுகிறார்கள். இரண்டுமே 2000 டி.டி.எஸ். உப்பு நீரில், 25 டிகிரியில் சோதித்த எண்கள். பொய் இல்லை. ஆனால் அது சோதனைக்கூடத்தின் சுத்தமான உப்புத் தண்ணீர். உங்கள் போரில் வருவது அதுவா?

லாபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டாயிரம் லிட்டரைப் பம்ப் தள்ளுகிறது, சின்னப் பம்ப்புகளின் திறன் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோ அழுத்தத்துக்கும் 0.11 யூனிட் ஆகிறது. 15இலிருந்து 10க்கு இறங்கினால் ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் எடுக்கும் குழுவுக்கு மாதம் 165 யூனிட். சோலார் வைத்து ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இனி அடுத்த பக்கம். வரத்து எளிதாகிற மெம்பரேனில் உப்பும் கொஞ்சம் எளிதாகக் கடக்கும். 99.5 சதவீதம், 99 சதவீதம் என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். கடந்து வருகிற உப்பைப் பாருங்கள்: அரை, ஒன்று. இரண்டு மடங்கு. 2500 டி.டி.எஸ். தண்ணீரில் இது நாக்குக்குத் தெரியாது. கோடையில் 8000 தொடும் கரையோரப் போரில் தெரியும்.

பெரிய ஆபத்து வேறு. பழைய பம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு மெம்பரேனை மட்டும் மாற்றுகிறார்கள். அன்றைக்கு ஆயிரத்துக்கு ஆயிரத்து நானூறு லிட்டர் வரும். ப்ளான்ட்டுக்குச் சூடம் காட்டுவார்கள். வரிசையில் முதலில் நிற்கிற மெம்பரேன்தான் அதிகம் இழுக்கும். தண்ணீர் எவ்வளவு வேகமாக மெம்பரேனைக் கடக்கிறதோ, அவ்வளவு வேகமாக அழுக்கும் அதன் மேல் வந்து படியும். ஆறே மாதத்தில் அறுநூறு லிட்டருக்கு இறங்கிய ப்ளான்ட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு 4040 மெம்பரேனின் பரப்பு ஏறக்குறைய 7.9 சதுர மீட்டர். நான்கு மெம்பரேனில் ஆயிரம் லிட்டர் எடுத்தால் சதுர மீட்டருக்கு மணிக்கு 32 லிட்டர் வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீருக்குக் கையேடுகள் சொல்வது 22இலிருந்து 29 வரை. அதாவது நம் ஊர் "ஆயிரம் லிட்டர் ப்ளான்ட்" பலவும் பிறக்கும்போதே வரம்பைத் தாண்டித்தான் பிறக்கிறது. அதில் இன்னும் கூட்டச் சொல்கிறீர்கள்.

சரி, எப்போது போடலாம்? போர்த் தண்ணீர் தெளிவாக, இரும்பு இல்லாமல், வருடம் முழுக்க 3000க்குள் இருந்தால். கூடவே பம்ப்பின் வேகத்தைக் குறைக்க வி.எஃப்.டி. போட்டு, பழைய ஆயிரம் லிட்டரையே குறைந்த அழுத்தத்தில் எடுக்கச் சம்மதித்தால். வரத்தைக் கூட்டுவதற்காகப் போடாதீர்கள். கரண்ட்டைக் குறைப்பதற்காகப் போடுங்கள்.

## பம்ப் அழுத்தத்தைக் கூட்டுவது

அழுத்தம் கூடினால் தண்ணீர் கூடும், டி.டி.எஸ்.ஸும் குறையும். தண்ணீர் அழுத்தத்தைப் பொறுத்து வருகிறது. உப்பு அழுத்தத்தைக் கண்டுகொள்வதில்லை. அதனால் அதே உப்பு அதிகத் தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகிறது. பார்க்க இரட்டை லாபம்.

மெம்பரேன் சுத்தமாக இருந்து, கோடையில் போர் உப்பு ஏறியதால் மட்டும் வரத்துக் குறைந்திருந்தால், மூன்று மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூட்டிக்கொள்வதே சரியான வழி. ஆனால் வெசலும் (மெம்பரேன் உட்காரும் உருளை) குழாயும் தாங்குமா என்று பாருங்கள். நம் பக்கம் பரவலாக இருக்கும் எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை) வெசல்களின் எல்லை 21 கிலோ, பி.வி.சி. குழாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அழுக்கடைந்த மெம்பரேனில் அழுத்தத்தைக் கூட்டுவது, அடைத்த வாய்க்காலைத் தூர்வாராமல் மதகை இன்னும் திறப்பது மாதிரி.

இதைவிட மோசமான ஒன்று காசில்லாமல் நடக்கிறது: ரிஜெக்ட் வால்வை மூடுவது. நல்ல தண்ணீர் உடனே கூடும். பாதி எடுக்கும்போது கடைசி மெம்பரேனில் உப்பும் சுண்ணாம்பும் இரண்டு மடங்காக இருந்தது, முக்கால் எடுக்கும்போது நான்கு மடங்கு. சுண்ணாம்பு கட்டியாக இறங்கிவிடும். ஆபரேட்டர் மாறியதும் ப்ளான்ட் கெடுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது அந்த வால்வைத்தான்.

## மெம்பரேன் எண்ணிக்கையைக் கூட்டுவது

யாரும் விற்க முன்வராத வழி, எனக்குப் பிடித்த வழி. நான்கை ஆறாக்கி, எடுப்பது அதே ஆயிரம் லிட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 32 லிட்டர் 21 ஆகிவிடும். அழுத்தம் குறையும், அழுக்குப் படிவது மெதுவாகும், கழுவும் இடைவெளி நீளும். கோடையில் உப்பு ஏறினாலும் கையில் இருப்பு இருக்கும். முதலிலேயே வெசலுக்கும், ப்ளான்ட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் இடத்துக்கும் செலவு உண்டு. வெளியே வரும் டி.டி.எஸ். கொஞ்சம் கூடும், ஏனென்றால் உப்பு கடக்கவும் பரப்பு கூடிவிட்டது. ஐந்து வருடக் கணக்குப் போடுபவருக்கு இது. அடுத்த மாதம் முகூர்த்தங்களைச் சமாளித்தால் போதும் என்பவருக்கு இல்லை.

## முன்சுத்திகரிப்பில் காசைப் போடுவது

மணல் ஃபில்டர், கார்பன், மைக்ரான் கேட்ரிட்ஜ், ஆன்டிஸ்கேலன்ட் டோசிங் (சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது). எல்லா ப்ளான்ட்டிலும் இருக்கும். வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. டோசிங் பம்ப்பின் டப்பா காலியாக, ஆனால் பம்ப் மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருப்பதை எத்தனை இடத்தில் பார்த்திருப்பேன்!

நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும்: இரும்பு. போரிலிருந்து வரும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் செம்மை தட்டும். இரும்பு கரைந்த நிலையில் இருந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. கரைந்த இரும்பு மெம்பரேனைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மற்ற உப்போடு ரிஜெக்ட்டில் போய்விடும். துருவானதுதான் மெம்பரேன் மேல் செந்நிறப் பூச்சாகப் படியும்.

ஆகவே வழி இரண்டு. காற்றே படாமல் போரிலிருந்து நேராகக் குழாயில் ப்ளான்ட்டுக்குக் கொண்டுவருவது ஒன்று. நன்றாகக் காற்றூட்டி, இரும்பு முழுவதும் துருவாகித் தங்கிய பிறகு வடிகட்டுவது இன்னொன்று. நம் ஊரில் நடப்பது இரண்டுங்கெட்டான்: போர்த் தண்ணீரைச் சின்டெக்ஸில் கொட்டி, அது பாதி துருவாகும் முன்பே ப்ளான்ட்டுக்கு இழுப்பது. மணல் ஃபில்டர் தாண்டும்போது கரைந்திருந்த மிச்சம், மெம்பரேனுக்குப் போய்த் துருவாகிறது. புது மெம்பரேன் விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் குழாயை மாற்றிப் போட்டு இதைத் தீர்த்த இடங்கள் உண்டு.

கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் இன்னொன்று: ப்ளான்ட் நின்றதும் நல்ல தண்ணீரால் மெம்பரேனை அலசும் ஃப்ளஷ் ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரோடு கிடந்த மெம்பரேன்களைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் கிருமி வளராமல் காக்கும் ஒரு சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி மூடிவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வரத்து கூடுமா | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| கழுவுவது | அடைப்பு இருந்தால் மட்டும் | ஒரு நாள் நிறுத்தம், மெம்பரேன் ஆயுள், மருந்துக் கழிவு | 10–15% குறைந்ததுமே கவனித்தவருக்கு |
| அதே ரகப் புதுசு | பழைய அளவுக்கு வரும் | காரணம் நீங்காவிட்டால் திரும்பவும் செலவு | குளோரின் தின்ற, வயதான மெம்பரேனுக்கு |
| லோ பிரஷர் | கூடும், கூட்டாமல் இருப்பது நல்லது | சீக்கிரம் அழுக்கடைவது, உப்பு கூடுதலாகக் கடப்பது | தெளிந்த, 3000க்குள் இருக்கும் நீருக்கு, சோலாருக்கு |
| அழுத்தம் கூட்டுவது | உடனே கூடும் | யூனிட், வெசல், குழாய் | கோடை உப்பேற்றத்துக்கு மட்டும் |
| கூடுதல் மெம்பரேன் | நிதானமாக, நிலையாக | முதலிலேயே பெரிய தொகை | நீண்ட நாள் ஓட்டுபவருக்கு |
| முன்சுத்திகரிப்பு | நேரடியாக இல்லை. குறைவதைத் தடுக்கும் | தினசரிக் கவனிப்பு | இரும்பு, கலங்கல் உள்ள எல்லோருக்கும் |

## ஆய்வகத்திலிருந்து வரும் செய்திகள்

"வெளிநாட்டில் இரண்டு மடங்கு தண்ணீர் விடும் மெம்பரேன் வந்துவிட்டதாமே, காத்திருக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். 2021 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு சுவாரசியமானது. மெம்பரேன் மெல்லியதாக இருந்தால் தண்ணீர் அதிகம் வரும் என்று நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பென் ஸ்டேட், டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் டியூபான்ட் நிறுவனத்தவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தடிமனைவிட உள்ளே அடர்த்தி எவ்வளவு சீராக இருக்கிறது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. அடர்த்தி சீராக இருந்த மெம்பரேன், தடிமனாக இருந்தும், 30 முதல் 40 சதவீதம் அதிகத் தண்ணீர் விட்டது. மேடு பள்ளமான வயலில் தண்ணீர் பாய்வதற்கும் பரம்படித்த வயலில் பாய்வதற்கும் உள்ள வித்தியாசம் என்று நான் புரிந்துகொண்டேன்.

இதன் பலன் கடல்நீர் ஆலைகளைவிட நம் மாதிரி உவர்நீர் ப்ளான்ட்களுக்குத்தான் அதிகம். கடல்நீரில் அழுத்தத்தின் பெரும்பங்கு சவ்வூடுபரவல் இழுப்புக்கே போய்விடுகிறது; மெம்பரேன் எவ்வளவு தாராளமானாலும் அந்தச் செலவு அப்படியே இருக்கும். 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு ஒன்று போட்ட கணக்கில், மெம்பரேன் மூன்று மடங்கு தாராளமானால் கடல்நீரில் மின்சாரம் 15 சதவீதமும் உவர்நீரில் 46 சதவீதமும் மிச்சமாகும். ஆனால் அழுக்கு பற்றி மேலே சொன்னதெல்லாம் அந்த மெம்பரேனுக்கும் பொருந்தும். இந்தக் கோடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

## போர்வெல்லைக் கேட்டீர்களா?

இவ்வளவும் எழுதிய பிறகு சொல்கிறேன்: டெல்டாவின் கடைமடையில் மெம்பரேனில் கூட்டுகிற தண்ணீரைப் போர்வெல் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, மோரின் மேல் வெண்ணெய் மாதிரி. ஏட்டுக் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏற இடமுண்டு. விடாமல் பம்ப் ஓட்டினால் போருக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி மேலே எழும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது பழைய வழக்கம். அதற்கப்புறம் வாய்க்கால்களில் ஈரம் இல்லை, மேலிருந்து ஊறுவது நிற்கிறது. நாமோ அப்போதுதான் அதிக மணி நேரம் ஓட்டுகிறோம். மாசியில் ஏன் போன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆயிரத்தை ஆயிரத்து ஐந்நூறாக்கினால் போரிலிருந்து இழுப்பதும் ஒன்றரை மடங்கு. டி.டி.எஸ். ஏறும், ஏறினால் வரத்து இறங்கும். அதோடு ரிஜெக்ட்டும் ஒன்றரை மடங்கு. அது போகிற வாய்க்காலின் வால்பகுதியில் யாரோ சம்பா நடுகிறார்கள்.

வேட்டைக்காரனிருப்புக் குழுவுக்கு நான் போனபோது லோ பிரஷர் மெம்பரேன் நான்குக்கு விலை பேசி முடித்திருந்தார்கள். "ஒரு வாரம் பொறுங்கம்மா" என்றேன். பன்னிரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக ஓட்டியதை, காலையில் நான்கு, மதியம் நான்கு, இரவு நான்கு என்று பிரித்தோம். போருக்குள் இறக்கியிருந்த பம்ப்பையும் கொஞ்சம் மேலே தூக்கினோம். ஒரு சிட்ரிக் ஆசிட் கழுவல். எட்டாம் நாள் போர் டி.டி.எஸ். 4600இலிருந்து 3100. வரத்து 880. ஆயிரம் வரவில்லைதான். மணிக்குக் குறைகிற 120 லிட்டருக்காக ஒவ்வொரு வேளையும் கூடுதலாக அரைமணி ஓட்டிக்கொள்கிறார்கள். கணக்குப் பார்க்கும் அக்கா, மெம்பரேனுக்கு எடுத்து வைத்த பணத்தில் பெரிய சின்டெக்ஸ் ஒன்று வாங்கி ஐப்பசி மழையைக் கூரையிலிருந்து பிடித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்த வாரம் அளவெடுக்கப் போகிறேன்.